கிறிஸ்துமஸ் சிக்கனம்: எதில் குறைக்கலாம், எதில் குறைக்கவே கூடாது

பாளையங்கோட்டை, நாசரேத், சாயர்புரம், நாகர்கோவில் என்று தென்மாவட்டங்களில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் முன் நிற்கும் செலவுகள் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளைகளுக்குப் புதுத்துணி வேண்டும். வாசலில் ஸ்டார் தொங்க வேண்டும். வீட்டின் ஒரு மூலையில் குடில் அமைய வேண்டும். கேரல் பவனி வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பலகாரமும், தீபாவளிக்குத் தட்டு அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்குத் திரும்ப அனுப்பத் தட்டும், இவற்றோடு ஒரு கேக்கும் வேண்டும். மனையியல் பயிற்றுநராக மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குப் பண்டிகைக் காலப் பயிற்சி வகுப்புகள் நடத்தும்போது என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, இவற்றையெல்லாம் எப்படி மலிவாக முடிப்பது என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் கை இறுகும்போது நம் வீடுகளில் முதலில் குறைக்கப்படுவது எண்ணெயின் தரமும், வண்ணத்தின் தரமும், மின்கம்பியின் தரமுமே. பண்டத்தின் எண்ணிக்கையும் அலங்காரத்தின் ஆடம்பரமும் அப்படியே நிற்கின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதைத்தான் ஒவ்வொரு வகுப்பிலும் வலியுறுத்துகிறேன்.

எண்ணெயிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் நம் கிறிஸ்துமஸ் பலகாரங்களில் பெரும்பாலானவை எண்ணெயில் பொரிபவை. அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, கலகலா என அடுத்தடுத்துச் சட்டி ஏறும் வீட்டில், "டீச்சர், போன வாரம் சுட்ட எண்ணெய் தெளிவாத்தான் இருக்கு, முறுக்குக்கு ஊத்தலாம்லா?" என்ற கேள்வி வராமல் இருக்காது. தெளிவாக இருப்பது மட்டும் நல்ல எண்ணெய்க்கு அடையாளம் ஆகாது. எண்ணெய் மீண்டும் மீண்டும் சூடாகும்போது, காற்றும் மாவிலிருந்து வரும் ஈரமும் சேர்ந்து அதைச் சிதைக்கின்றன. அப்போது உருவாகும் துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் எவ்வளவு சிதைந்தது என்பதைக் காட்டும் பொருள்கள், 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்த விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. இதை அளக்கும் கருவி வீட்டில் இருக்காது. ஆயினும் வழக்கமான சூட்டிலேயே புகைவது, நுரை அடங்காமல் பொங்குவது, குழகுழப்பாவது, காறல் வாடை அடிப்பது ஆகிய குறிகளில் ஒன்று தென்பட்டாலும் அந்த எண்ணெயை ஒதுக்கிவிடலாம். அதனோடு புது எண்ணெயைக் கலந்து சமாளிக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கெட்ட எண்ணெய் அதனால் நல்லதாகாது, நல்ல எண்ணெய்தான் விரைவில் கெடும்.

எண்ணெயை மிச்சப்படுத்த நேர்மையான வழிகள் இருக்கின்றன. அகன்ற சட்டியை விடுத்து, குழிவான சிறிய சட்டியை எடுத்தால் பாதி எண்ணெயிலேயே பண்டம் மூழ்கிப் பொரியும். பொரிக்கும் வரிசையும் முக்கியம். கார முறுக்கு எண்ணெயை அதிகம் அழுக்காக்காது என்பதால் அதை முதலில் சுட வேண்டும். மாவில் தோய்த்துப் போடும் முந்திரிக்கொத்து அடுத்தது. முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த அச்சு முறுக்கு எண்ணெயை விரைவில் கருக்கிவிடும், ஆகவே அது கடைசி. இப்படி ஒரே நாளில் ஒரே எண்ணெயில் மூன்றையும் முடித்துவிட்டு, மீதியைத் துணியில் வடிகட்டிச் சில நாட்களுக்குள் தாளிப்பில் தீர்த்துவிடலாம். அடுத்த வாரம் மீண்டும் பலகாரம் பொரிக்க அதை எடுத்து வைக்க வேண்டாம். அண்டை வீட்டார் இருவர் சேர்ந்து ஒரே அடுப்பில் சுட்டுப் பகிர்ந்துகொண்டால் எண்ணெயும் எரிவாயுவும் கணிசமாக மிச்சமாகும். அந்தக் காலத்தில் அத்தைமாரும் சித்திமாரும் ஒரு வீட்டில் கூடிச் சுட்டதில் உறவோடு இந்தக் கணக்கும் அடங்கியிருந்தது என்றே நினைக்கிறேன்.

எல்லாப் பலகாரத்தையும் எல்லா வீடும் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒரு வீட்டில் ஒரே ஒரு பண்டத்தை நன்றாகச் செய்து தட்டில் வைத்தால் போதும். சிக்கனத்துக்கு ஏற்றது எது என்று கேட்டால் நான் முந்திரிக்கொத்தையே சொல்வேன். பெயரில் முந்திரி இருந்தாலும் உள்ளே இருப்பது வறுத்த சிறுபயறு, எள், தேங்காய், ஏலக்காய், வெல்லம் அல்லது கருப்பட்டிப் பாகு. சத்தும் உண்டு, வாரக்கணக்கில் இருக்கவும் செய்யும். நம் டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விழுவதால் ஈரப்பதம் மட்டுமே இதற்கு எதிரி. தேங்காய்த் துருவலைப் பொன்னிறமாக, கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு வறுத்துச் சேர்க்காவிட்டால் உருண்டை உள்ளேயே ஊசிப்போகும். எந்தப் பலகாரமானாலும் முழுதாக ஆறிய பிறகே காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். வெதுவெதுப்போடு மூடினால் மூடியில் வியர்க்கும் நீரே பூஞ்சையைக் கொண்டுவரும்.

கேக்குக்கு வருவோம். கிண்ணத்தால் அளப்பதை விட்டு, சிறிய எடைத்தராசு ஒன்றை வாங்கிக்கொள்வது நல்ல முதலீடு. வெண்ணெய், சர்க்கரை, மைதா, முட்டை நான்கும் சம எடை என்பதே பழைய அடிப்படைக் கணக்கு. ஒவ்வொன்றும் 250 கிராம் என்றால், முட்டை ஏறக்குறைய ஐந்து, கேக் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வெண்ணெய் கட்டுப்படியாகாத வீட்டில் வாசனையற்ற சமையல் எண்ணெயைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெண்ணெயில் கொழுப்பு 80 விழுக்காடு அளவே இருப்பதால், 250 கிராம் வெண்ணெய்க்கு 200 கிராம் எண்ணெயும் மூன்று மேசைக்கரண்டி பாலும் ஈடாகும். முட்டையையும் சர்க்கரையையும் நன்கு நுரைக்க அடித்துவிட்டு எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். எண்ணெயில் செய்த கேக் மறுநாளும் மென்மையாகவே இருக்கும். பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தில் சில்லறையாக விற்கும் வனஸ்பதியை மட்டும் வாங்க வேண்டாம். எண்ணெய், கொழுப்புகளில், எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகி இதயத்துக்குக் கேடு செய்யும் செயற்கை டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரி முதல் இருந்தாலும், பெயரில்லாப் பொட்டலத்தில் அதை உறுதிசெய்ய நமக்கு வழியில்லை.

உள்ளே சேரும் பழங்களில் மிச்சம் பிடிப்பது எளிது. முழு முந்திரிக்குப் பதிலாக உடைந்த முந்திரி வாங்கலாம், சுவை ஒன்றுதான். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக் காயின் துண்டுகளே: சிறு துண்டுகளைக் கண்ணாடி போலாகும்வரை நீரில் வேகவைத்து, வடித்து, சர்க்கரைப் பாகில் ஊறவிட்டு உலர்த்தினால் போதும், சிவப்புக்குப் பீட்ரூட் சாறு இருக்கிறது. ஆரஞ்சுத் தோலை இரண்டு முறை கொதிக்கவைத்து நீரைக் கொட்டிக் கசப்பைப் போக்கிவிட்டுப் பாகில் காய்ச்சினால், கடையில் விலை கொடுத்து வாங்கும் சர்க்கரைத் தோல் வீட்டிலேயே கிடைத்துவிடும்.

பழம் ஊறவைப்பதில் ஓர் எச்சரிக்கை அவசியம். ரம்மில் வாரக்கணக்கில் ஊறவைக்கும் குறிப்பைப் பார்த்துவிட்டு, மது வேண்டாம் என்பதால் திராட்சைச் சாற்றிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ அதே வாரக்கணக்கில் அறை வெப்பத்தில் ஊறவைக்கிறார்கள். ரம்மில் பழம் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள ஆல்கஹால்தான். சாறு சில நாட்களில் புளிக்கத் தொடங்கும், பூஞ்சை பிடிக்கும், இறுக மூடிய கண்ணாடிப் புட்டியானால் வாயு அழுத்தத்தால் வெடிக்கவும் கூடும். சாற்றில் ஊறுவதற்கு ஓர் இரவே போதும். அதுவும் குளிர்சாதனப் பெட்டியில். சாற்றோடு சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் அந்த இரவும் தேவையில்லை.

கேக் சுடும் மின்சார அடுப்பு (ஓவன்) 1,200 முதல் 1,500 வாட் வரை இழுக்கும். இப்போதைய கட்டண முறையில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்களுக்கான கட்டணமும் சேர்ந்து உயர்வதால், ஏற்கெனவே அந்த விளிம்பில் இருக்கும் வீடுகள் டிசம்பரில் மீட்டரைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு முறை சூடேற்றிய அடுப்பில் அடுத்தடுத்து இரண்டு கேக்குகளை வைத்து எடுக்கலாம். குக்கரில் கேக் செய்பவர்கள் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும்; அன்றாடம் புழங்கும் குக்கரை நீரின்றிச் சூடேற்றிக் கெடுப்பதைவிட, பழைய கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி மூடியிட்டுச் செய்வது மேல்.

கேக்கின் மேல் போடும் வெள்ளைப் பூச்சில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்க்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். கேக்குக்குள் வேகும் முட்டைக்கு உள்ள பாதுகாப்பு மேலே பூசும் முட்டைக்கு இல்லை. ஐசிங் சர்க்கரையில் சில துளி எலுமிச்சைச் சாறும் வெந்நீரும் சேர்த்துக் குழைத்தாலே வெள்ளைப் பூச்சு அழகாக இறுகும், முட்டையும் மிச்சம். வண்ணங்களில் சட்டம் அனுமதித்தவற்றையும், அனுமதித்த உணவில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற உச்ச அளவுக்குள்தான் சேர்க்கலாம். துணிச்சாயமான ரோடமின் பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்கே தடை விதித்தது நினைவிருக்கும். கைவினைக் கடையில் விற்கும் மினுமினுப்புத் தூளின் மீது நச்சற்றது என்று அச்சிட்டிருந்தால், அதை உண்ணலாம் என்று பொருளில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2018இல் பிறந்தநாள் கேக்கில் தூவப்பட்ட இத்தகைய பளபளப்புத் தூளில் இருந்த செம்பினால் குழந்தைகள் வாந்தி எடுத்து நோயுற்றார்கள். உண்ணத் தக்கது என்று தெளிவாக எழுதி, சேர்பொருள் பட்டியலும் கொடுத்திருந்தால் ஒழிய எந்தத் தூளும் கேக்குக்கு வேண்டாம்.

கைவேலையில் நம் வீடுகளுக்கு உள்ள திறமையை நான் மிகவும் மதிக்கிறேன். மூங்கில் குச்சியும் வண்ணத்தாளும் கொண்டு கட்டும் ஸ்டார், கேழ்வரகைப் பத்து நாள் முன்பே தூவி முளைக்கவைக்கும் குடில் புல், வைக்கோல் கூரை, பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டிச் செய்யும் வாழ்த்து அட்டை ஆகியவற்றுக்குச் செலவே இல்லை எனலாம். அழைப்பிதழ் அட்டையின் கனமும் அதன் பொன்னிற விளிம்பும் கடை அட்டைக்குச் சற்றும் குறைந்தவையல்ல. ஆனால் மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது செம்புச் சல்பேட், விழுங்கினால் நஞ்சு. பலகாரம் செய்யும் அதே நாளில், அதே பாத்திரத்தில், பிள்ளைகள் விரலை வாயில் வைக்கும் இடத்தில் அது இருக்கவே கூடாது. சில வாரங்கள் தொங்கும் ஸ்டாருக்கு மயில்துத்தமே தேவையில்லை.

தாள் ஸ்டாருக்குள் குண்டு பல்பு எரியவிடுவது தீக்கு அழைப்பு. 60 வாட் குண்டு பல்பு நாளுக்குப் பத்து மணிநேரம் எரிந்தால் மாதத்துக்கு 18 யூனிட். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடி 3 யூனிட்டுக்கும் குறைவு, தாளைக் கருக்கும் அளவுக்குச் சூடாவதும் இல்லை. இங்கே சிக்கனமும் பாதுகாப்பும் ஒரே பொருளில் கிடைக்கின்றன. கம்பியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. டேப் சுற்றிய இணைப்புகளோடு சீரியல் விளக்கை மழையில் நனையும் கிரில் கம்பியில் கட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு நம் பகுதியின் வானிலை அப்படியும் இருக்கும். வெளியே கட்டும் விளக்குக்கு நீர் புகாத வகையும், வீட்டில் மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் அவசியம். கிறிஸ்துமஸ் மரமாக நடும் சவுக்குக் கிளை ஒரு வாரத்தில் காய்ந்து தீயை எளிதில் பற்றும். அதன் அருகிலும் தெர்மாகோல் குடில் அருகிலும் மெழுகுவத்தி வைக்கக் கூடாது. தெர்மாகோல் எரிந்தால் கரும்புகையும் நச்சு வாயுக்களும் வரும்.

பலகாரத்தை விற்றுச் சிறிது வருமானம் பார்க்க விரும்பும் பெண்கள் ஆண்டுதோறும் கூடிவருவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. வீட்டில் செய்து விற்பவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். செய்தித்தாளில் பொதிவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிகை ஒழுங்குமுறை தடைசெய்கிறது, ஏனெனில் அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து பண்டத்தில் இறங்கும். பொட்டலத்தின் மேல் செய்த நாள், எத்தனை நாளுக்குள் உண்ண வேண்டும், முட்டை, கொட்டை, பால் உண்டா என்பவற்றைத் தமிழில் தெளிவாக எழுதுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய் முதலில் தேடுவது அதைத்தான். விலை வைக்கும்போது எரிவாயு, மின்சாரம், அட்டைப் பெட்டி, உடைந்துபோகும் பண்டம், இரவு இரண்டு மணிவரை நீங்கள் நின்ற நேரம் ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். பக்கத்துத் தெருவில் குறைந்த விலைக்குத் தருகிறார்கள் என்று வாடிக்கையாளர் சொன்னால், எந்த எண்ணெயில், எந்த வண்ணத்தில், எந்த நாளில் செய்தது என்று உங்கள் பொட்டலத்தைக் காட்டி விளக்குங்கள். அப்படியும் வாங்க மறுப்பவருக்காக விலையையும் பொருளையும் குறைக்க வேண்டாம், அன்று இரண்டு பெட்டி குறைவாகச் செய்யுங்கள்.