நான்கு நாளில் புதிதாகும் குடல், ஆறுவதற்கு ஏன் இரண்டு வருடம்?

உங்கள் சிறுகுடலின் உட்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் செல்களுக்கு வயது மூன்று முதல் ஐந்து நாள்தான். பழையவை உதிர, புதியவை கீழிருந்து ஏறி வந்துகொண்டே இருக்கும். அப்படியானால் சீலியாக் நோய் (கோதுமைப் புரதத்தைப் பகையென்று நினைத்து உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கும் நோய்) இருப்பது தெரிந்து கோதுமையை அடியோடு விட்ட பெண்ணுக்கு ஒரு வாரத்தில் குடல் சரியாகிவிட வேண்டுமே? ஆவதில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் குடல் ஆறியிருந்தது பெரியவர்களில் சுமார் 34 சதவீதம் பேருக்குத்தான். ஐந்து ஆண்டுகளில் 66 சதவீதம். குழந்தைக்காகக் காத்திருப்பவருக்கு இது கசப்பான கணக்கு.

சப்பாத்தி மாவைப் பிசைந்து குழாயடியில் கழுவிப் பாருங்கள். மாவுச்சத்து கரைந்தோடியபின் ரப்பர்போல ஒன்று கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன். பரோட்டாவைக் கிழியாமல் வீச முடிவது இதன் தயவில்தான். பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதே குடும்பத்துப் புரதங்கள் உண்டு. நம் செரிமான நொதிகளால் இதை முழுதாக வெட்ட முடியாது. 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு வெட்டுப்படாமலே நிற்கும். எல்லோர் வயிற்றிலும் இது நடக்கிறது, பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் கதை மாறுகிறது. டிரான்ஸ்குளூட்டாமினேஸ் என்ற நம் சொந்த நொதி அந்தத் துண்டை லேசாகத் திருத்திக் கொடுக்க, எதிர்ப்பு அணுக்கள் அதைப் பகையென்று பிடித்துக்கொள்கின்றன. அதோடு அந்த நொதிக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களும் (ஆன்டிபாடி) உண்டாகின்றன. ரத்தப் பரிசோதனையில் தேடுவது இவற்றைத்தான். (சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். எதிர்ப்பொருள் இறங்கிவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும்.)

இந்தச் சண்டையில் அடிபடுபவை குடலுறிஞ்சிகள். சுமார் ஒரு மில்லிமீட்டர் உயரமே உள்ள, விரல் போன்ற முளைகள் இவை. சிறுகுடல் இத்தனை பெரிய பரப்பில் சத்தை உறிஞ்சுவது இவற்றால்தான். நோயில் இவை தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன.

சரி, கோதுமையை நிறுத்தியபின் தாமதம் எதற்கு? நான்கு நாளில் புதிதாவது மேற்பூச்சு மட்டும். உறிஞ்சியின் உள்ளே ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் தாங்கு திசுவும் இருக்கின்றன. இடிந்த சுவருக்கு தினமும் வெள்ளையடித்தாலும் சுவர் எழும்பாது அல்லவா? மேலும், குளூட்டனைப் பகையாகக் கண்ட அணுக்களில் ஒரு பகுதி நினைவோடு தங்கிவிடுகிறது. அரைகுறையாகக் கொஞ்சம் உள்ளே போனாலும் மறுபடி கிளம்பிவிடும்.

கர்ப்பத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், பாதிப்பு அதிகம் விழும் சிறுகுடலின் முன்பகுதிதான் இரும்பையும் ஃபோலேட்டையும் (மாத்திரையில் வருவது இதன் ஃபோலிக் ஆசிட் வடிவம்) வாங்கும் இடம். கருவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழல், கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அதாவது மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள். அதற்குப் பிறகு ஃபோலிக் ஆசிட் தொடங்கினால் அந்த வேலைக்கு உதவாது. கையிருப்பு முன்பே இருக்க வேண்டும். ஆனாலும் குடல் நூறு சதவீதம் ஆறும்வரை யாரும் ஐந்து வருடம் காத்திருக்கச் சொல்வதில்லை. எதிர்ப்பொருள் இறங்குகிறதா, ஹீமோகுளோபினும் ஃபோலேட்டும் வைட்டமின் டியும் எந்த அளவில் இருக்கின்றன என்று பார்த்துத்தான் மருத்துவர் பச்சைக்கொடி காட்டுவார்.

சத்துக் குறைவோடு கதை முடிவதில்லை. இந்த எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி செல்களில் ஒட்டிக்கொண்டு, அவை கருப்பைச் சுவருக்குள் வேரோடுவதைத் தடுப்பதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். ஆய்வகத் தட்டில் நடப்பதெல்லாம் உடலிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் டென்மார்க்கில் பிறப்புப் பதிவுகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வு நம்பிக்கை தருகிறது. நோய் கண்டுபிடிக்கப்படாத தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்தும், கூடுதலாகக் குறைமாதத்திலும் பிறந்திருந்தன. கண்டுபிடித்துச் சிகிச்சையில் இருந்த தாய்மாருக்கு அந்தக் கூடுதல் ஆபத்து இல்லை.

நம்மூரில் இது அதிகம் காதில் விழாததற்குக் காரணம் உண்டு. 2016இல் வெளியான இந்திய ஆய்வில், அந்த எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேரிடமும் தெற்கே 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. மரபணு வகையோ இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்கு மேல். வேறுபட்டது தட்டில் இருந்த கோதுமைதான். இரவு டிபன் சப்பாத்தியாக மாறிவரும் வீடுகளை நினைத்துப் பார்க்கிறேன்.

சாதம், இட்லி, கேழ்வரகு, கம்பு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். சிக்கல் மறைவிடங்களில் இருக்கிறது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால் பாட்டி காய்ச்சித் தரும் பார்லி கஞ்சி, அன்போடு வாங்கி வரும் மால்ட் பானம், கோதுமை சேர்த்த சத்துமாவு, மூன்றுமே கூடாது. நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்து போனாலே உறிஞ்சிகள் பாதிக்கப்படுவதை 2007இல் ஒரு சோதனையில் பார்த்திருக்கிறார்கள். ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ மூன்று கிராம் இருக்கும்; அந்த 50 மில்லிகிராம் இதில் அறுபதில் ஒரு பங்குதான். மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால், உங்கள் கேழ்வரகோடு அதுவும் பைக்குள் வந்துவிடும். வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சல்லடையில் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். அரிசிக்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கும் மில் பக்கத்தில் இருந்தால் இன்னும் சுலபம்.