துணைப்பாடச் செயலிக்கு பேட்டண்ட் கடிதம் வந்தால்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் துணைப்பாட நிலையம் நடத்தும் நண்பர் ஒருவருக்கு வழக்கறிஞர் கடிதம் ஒன்று வந்தது. மாணவர்களுக்காக அவர் உருவாக்கிய தமிழ்ப் பயிற்சிச் செயலி, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பேட்டண்ட்டை மீறுகிறதாம். 14 நாளில் உரிமத் தொகை கட்ட வேண்டுமாம். மனிதர் இரண்டு நாள் தூங்கவில்லை. "பேசாமல் கட்டிவிடட்டுமா?" என்றுதான் முதலில் கேட்டார். கட்டுவதற்கு முன் அவருக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்பதை இங்கே எழுதுகிறேன். வகுப்போடு ஒரு செயலியையும் வைத்திருக்கும் எவருக்கும் இது உதவும்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். காப்புரிமை என்று சிலர் காப்பிரைட்டைச் சொல்கிறார்கள், சிலர் பேட்டண்ட்டைச் சொல்கிறார்கள். இரண்டும் வேறு. நீங்கள் எழுதிய நிரலுக்கும் கேள்வித்தாளுக்கும் பதிவே இல்லாமல் காப்பிரைட் உண்டு. பேட்டண்ட் அப்படியல்ல, விண்ணப்பம், பரிசோதனை எல்லாம் முடிந்தபின் ஒரு கண்டுபிடிப்புக்கு அரசு தரும் தனியுரிமை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு வரை நிற்கும். யாரையும் பார்க்காமல் சொந்த மூளையால் எழுதிய செயலியும் ஒரு பேட்டண்ட்டை மீறலாம். எனவே "நான் யாரிடமும் திருடவில்லை" என்ற பதில் மட்டும் போதாது.

சரி, கடிதத்தில் முதலில் பேட்டண்ட் எண்ணைப் பாருங்கள். அது சிங்கப்பூர் பேட்டண்ட்டா? அமெரிக்க பேட்டண்ட் அமெரிக்காவில்தான் செல்லும். இங்குள்ள மாணவர்களுக்கு மட்டும் இங்கேயே நடத்தும் செயலியை அது தொடாது. சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தின் பதிவேட்டை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பேட்டண்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதும் அதில் தெரியும். நான்காம் ஆண்டு முடிவிலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் அது காலாவதியாகிவிடும்.

அடுத்து, பேட்டண்ட் ஆவணத்தின் கடைசியில் எண் போட்டு வரும் கோரிக்கைகளைப் படியுங்கள். தலைப்பு பெரிதாக மிரட்டும். ஆனால் உரிமை எவ்வளவு என்பதை முடிவு செய்வது அந்த வரிகள்தான். ஒரு கோரிக்கையில் ஐந்து அம்சம் இருந்து, உங்கள் செயலியில் நான்குதான் இருக்கிறது என்றால், மீறல் என்று நிறுவுவது அவர்களுக்குக் கடினம்.

கல்வி மென்பொருளில் இப்படி நடந்த பெரிய வழக்கு ஒன்றை நண்பரிடம் சொன்னேன். இணையவழிக் கல்வித் தளம் பற்றி பிளாக்போர்ட் நிறுவனத்துக்கு 2006 ஜனவரியில் அமெரிக்க பேட்டண்ட் கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் டிசையர் டு லேர்ன் என்ற கனடிய நிறுவனத்தின் மேல் டெக்சஸில் வழக்குப் போட்டது. ஒரே ஆள் ஒரு பாடத்தில் ஆசிரியராகவும் இன்னொன்றில் மாணவராகவும் ஒரே கணக்கில் உள்ளே வரலாம் என்பது அந்த பேட்டண்ட்டின் முக்கிய அம்சம். இது எங்களிடம் முன்பே இருந்ததே என்று மூடில் போன்ற திறந்த மூலக் கல்வித் தளங்களை (நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்) சேர்ந்தவர்கள் கொதித்தார்கள். பேட்டண்ட்டை மறுபரிசோதனை செய்யவும் கேட்டார்கள். 2008இல் நடுவர் குழு, டிசையர் டு லேர்ன் சுமார் 31 லட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. 2009 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கோரிக்கைகள் செல்லாது என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் இரு தரப்பும் சமரசமாயின. வழக்குப் போட்டபோது, சிங்கப்பூரிலும் இதற்கு பேட்டண்ட் கிடைத்திருப்பதாக பிளாக்போர்ட் அறிவித்திருந்தது. ஆக, இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல.

அமெரிக்காவில் பேட்டண்ட் விழுந்தால் இங்கே தானாக விழாது. ஆனால் இங்கும் புதுமைக்கு அளவுகோல் உலகம் முழுவதும்தான். விண்ணப்பத்துக்கு முன்பே எந்த நாட்டிலாவது அது பொதுவில் வெளிவந்திருந்தால், அதை ஆதாரமாகக் காட்டி பேட்டண்ட்டை ரத்து செய்யும்படி இங்குள்ள பேட்டண்ட் பதிவாளரிடம் கேட்கலாம். இதை யாரும் கேட்கலாம். உங்கள்மேல் வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு பாதுகாப்பு பலருக்குத் தெரியாது. அந்த பேட்டண்ட்டின் முன்னுரிமைத் தேதிக்கு (பொதுவாக, அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாள்) முன்பே நீங்கள் சிங்கப்பூரில் அதே காரியத்தை நல்லெண்ணத்துடன் செய்துகொண்டிருந்தால், அல்லது அதற்கு உருப்படியான ஏற்பாடுகளைச் செய்திருந்தால், தொடர்ந்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. பேட்டண்ட் இருப்பது தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று நிரூபித்தால் அந்தக் காலத்துக்கு இழப்பீடு கிடையாது. கடிதம் வந்தபின் "தெரியாது" என்று சொல்ல முடியாது. ஆகவே கடிதம் கையில் கிடைத்த தேதியைக் குறித்து வையுங்கள். உறையையும் தூக்கி எறியாதீர்கள்.

ஆதாரமில்லாமல் மிரட்டினால் திருப்பி நாமே வழக்குப் போடவும் பேட்டண்ட் சட்டத்தின் 77ஆம் பிரிவு இடம் தருகிறது. மிரட்டலை நிறுத்தும் தடையுத்தரவும் இழப்பீடும் கேட்கலாம். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். "எங்களிடம் இந்த பேட்டண்ட் இருக்கிறது" என்று தெரிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது. பொருளைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, ஒரு செயல்முறையைப் பயன்படுத்துவது ஆகியவை பற்றிய மிரட்டலுக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. செயலி விஷயத்தில் இந்த விலக்கு குறுக்கே வரலாம் என்பதால் வழக்கறிஞரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

மென்பொருள் பேட்டண்ட் எல்லாமே வெற்று மிரட்டல் என்றும் நினைத்துவிடாதீர்கள். கடன் அட்டை எண்ணை வைத்து அட்டைதாரர் எந்த நாட்டுப் பணத்தைப் பயன்படுத்துபவர் என்பதைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறைக்கு மெயின்லைன் நிறுவனம் வைத்திருந்த பேட்டண்ட் செல்லும் என்று 2007இல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றமே தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பில் யூஓபி வங்கியும் இருந்தது. அதே சமயம், பழைய கற்பிக்கும் முறையைச் சாதாரணக் கணினியில் ஏற்றிவிட்டால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது.

வழக்குச் செலவை நினைத்துத்தான் பலர் பயந்து பணம் கட்டுகிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. கோரும் தொகை 5,00,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும், அல்லது இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும். விசாரணை கூடியவரை இரண்டு நாளுக்குள் முடியும். சிறிய நிலையங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

நண்பர் இப்போது செயலியின் முதல் வடிவத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். நிரலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், பெற்றோருக்கு விளம்பரம் செய்த துண்டறிக்கை, கணினியில் தேதியோடு கிடக்கும் பழைய கோப்புகள் என்று எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் சேர்த்துக்கொண்டு, இந்த வாரம் வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறார்.