ஸ்லாவியருக்கு எழுத்து அமைந்த விதம்

ரஷ்யர், பல்கேரியர் போன்றோரின் முன்னோரான ஸ்லாவியரின் பழைய மொழியில் கடவுளைக் குறிக்கும் சொல் 'பொகு'. அதன் முதல் ஒலி 'படம்' என்பதில் வரும் ப அல்ல. 'கம்பு' என்னும்போது பு எப்படி ஒலிக்கிறதோ, அந்த அதிர்வுள்ள ஒலி. 9ஆம் நூற்றாண்டுக் கிரேக்கத்தில் இதற்குத் தனி எழுத்து கிடையாது. கிரேக்கத்தின் இரண்டாம் எழுத்தான பீட்டாவை அதற்குள் 'வ' என்றே வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே கிரேக்க எழுத்தில் ஸ்லாவியருக்குக் கிறிஸ்தவ வேதம் எழுதப் போனால், கடவுள் என்ற சொல்லிலேயே கை நின்றுவிடும். உயிர் வாழ்வைக் குறிக்கும் 'ஜிவொத்து' (ஜீவன் என்ற சொல்லுக்குத் தூரத்து உறவு) இன்னொரு சிக்கல்; அதன் முதல் ஒலிக்கும் கிரேக்கத்தில் எழுத்து இல்லை. ஹ்ராபர் என்ற பழைய துறவி, கிரேக்க எழுத்து ஏன் போதாது என்று விளக்க இந்த இரண்டு சொற்களையும் எடுத்துக்காட்டினார்.

862இல் மொராவியா (இன்றைய செக் நாட்டுப் பக்கம் இருந்த ஸ்லாவிய நாடு) அரசன் ரஸ்திஸ்லாவ், மக்களின் மொழியிலேயே போதிக்க ஆள் வேண்டும் என்று பைசாந்தியம் எனப்படும் கிழக்கு ரோமப் பேரரசின் பேரரசர் மூன்றாம் மிக்கேலிடம் கேட்டான். கிரேக்க நகரான தெசலோனிக்காவில் பிறந்த கான்ஸ்டன்டைன், மெத்தோடியுஸ் என்ற சகோதரர்களைப் பேரரசர் அனுப்பினார். அவர்கள் ஊரைச் சுற்றி ஸ்லாவியர் வாழ்ந்ததால் அந்தப் பேச்சு இருவருக்கும் பழக்கம். தம்பி கான்ஸ்டன்டைன்தான் பிற்காலத்தில் சிரில் என்று துறவுப் பெயர் ஏற்றவர்.

அவர் அமைத்த எழுத்தின் பெயர் கிளாகொலிட்டிக். முதல் எழுத்தே சிலுவை வடிவம். 'ஷ' ஒலிக்கான மூன்று முனை எழுத்து எபிரேய 'ஷீன்' போலவே இருக்கிறது. வடிவத்தைவிட என்னை அதிகம் வியக்கவைப்பது ஒலியைப் பிரித்த நுட்பம்தான். 'வந்தேன்', 'வந்தோம்' என்று பேச்சில் சொல்லிப் பாருங்கள். கடைசி மெய் மறைந்து, ஏயும் ஓவும் மூக்கின் வழியாக வரும். ஸ்லாவியத்திலும் இப்படி இரண்டு மூக்குயிர்கள் இருந்தன. அவற்றுக்குப் புது வடிவம் தேடாமல், எ, ஒ ஆகியவற்றுக்கான எழுத்துகளோடு ஒரே மூக்கொலிக் குறியை ஒட்டிவிட்டார். 'பொகு'வின் ஈற்றில் இருப்பதோ நம் குற்றியலுகரம் போல மாத்திரை குறைந்த உயிர். அதற்கு ஓர் எழுத்து, குற்றியலிகரம் போன்ற அதன் இணைக்கு இன்னோர் எழுத்து. ஹ்ராபரின் கணக்குப்படி மொத்தம் 38: கிரேக்கத்தை ஒட்டியவை 24, ஸ்லாவியப் பேச்சுக்கென்றே சேர்த்தவை 14.

மொழிபெயர்ப்பு யோவான் நற்செய்தியின் முதல் வரியிலிருந்து தொடங்கியது. எதிர்ப்பும் உடனே வந்தது. எபிரேயம், கிரேக்கம், லத்தீன் மூன்றிலும் மட்டுமே இறைவனைப் புகழலாம் என்ற வாதத்தை சிரில் வெனிஸில் எதிர்கொண்டார். போப் இரண்டாம் அட்ரியன் ஸ்லாவிய நூல்களை ஏற்றுக்கொண்டார். சிரில் 869 பிப்ரவரி 14 அன்று ரோமில் இறந்தார். பேராயராக மொராவியா பக்கம் திரும்பிய மெத்தோடியுஸை, அந்தப் பகுதி தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று கருதிய ஜெர்மானியப் பகுதியான பவேரியாவின் ஆயர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறை வைத்தார்கள். 885இல் அவர் இறந்ததும் சீடர்கள் துரத்தப்பட்டார்கள். பல்கேரிய அரசன் போரிஸ் புகலிடம் தந்திராவிட்டால் அந்த எழுத்து அங்கேயே முடிந்திருக்கும். சீடர்களில் ஒருவரான கிளெமெந்து, பல்கேரிய ஆட்சியில் இருந்த ஓஹ்ரித் பகுதியில் ஏராளமானோருக்குக் கற்பித்து, 893இல் ஆயரானார்.

கிளாகொலிட்டிக்கின் குறை அதன் வளையங்கள். எழுத்துக்கு எழுத்து சுழி போட வேண்டும். பல்கேரியாவில் கிரேக்க எழுத்தில் பழகிய கைகள் ஏற்கெனவே இருந்தன. பொது ஒலிகளுக்குக் கிரேக்க வடிவத்தையே வைத்துக்கொண்டு, 'ஷ' போன்ற சிலவற்றுக்கு மட்டும் கிளாகொலிட்டிக்கின் உதவியை நாடியபோது பிறந்ததுதான், இன்று ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக். சிரில் பெயரைத் தாங்கியிருந்தாலும் அது அவர் அமைத்தது அல்ல.

இந்த மாற்றத்தில் எண்கள் குழம்பின. இரண்டு முறையிலும் எழுத்தே எண்ணாகவும் பயன்பட்டது. கிளாகொலிட்டிக்கில் வரிசைப்படி 'பொகு'வின் முதல் எழுத்து 2, 'வ' 3. சிரிலிக் கிரேக்க எண்களைப் பின்பற்றியதால் அங்கே 'வ'தான் 2. 'பொகு'வின் முதல் எழுத்துக்கு எண்மதிப்பே இல்லை. பழைய ஏட்டைப் பார்த்து எழுதியவர் எழுத்தை மட்டும் மாற்றி மதிப்பை மறந்தால், மூன்று இரண்டாகிவிடும், ஐந்து நான்காகிவிடும். ஒரு சிரிலிக் ஏட்டில் இப்படி எண் பிசகியிருந்தால், அதன் மூலம் கிளாகொலிட்டிக்கில் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

'பொகு'வின் ஈற்றில் வருவது போன்ற மாத்திரை குறைந்த உயிரொலிகள் பேச்சில் நிலைக்கவில்லை. சொல்லின் ஈற்றில் இருந்தவை சில நூற்றாண்டுகளில் மறைந்தன. எழுத்து மட்டும் நின்றது. ரஷ்யாவில் 1918 எழுத்துச் சீர்திருத்தம் வரை, கடவுள் என்ற சொல்லின் கடைசியில் அந்த எழுத்து ஒலியே இல்லாமல் அச்சாகிக்கொண்டிருந்தது.