வயிற்றில் பிள்ளை இருக்கும்போது நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்கலாமா?

எக்கோ, அதாவது இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுக்க வரும் கர்ப்பிணிகளில் சிலர் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு வெளியே தவித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அது முதல் மாதங்களில் வயிற்று ஸ்கேனுக்குச் சொன்னது. எக்கோவுக்கு வேண்டாம். சாப்பிட்டுவிட்டே வரலாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் ஜெல் தடவி, அரை மணி நேரத்துக்குள் பார்த்து முடித்துவிடுவோம். அப்படிப் படுப்பது கர்ப்பிணிக்கும் நல்லது. மாதம் ஏறிய வயிற்றோடு மல்லாந்து படுத்தால் கருப்பை பின்னாலுள்ள பெரிய சிரையை அழுத்தி, சிலருக்குத் தலை சுற்றும்.

எக்கோ வெறும் ஒலி அலை, கதிர்வீச்சு கிடையாது. குழந்தையைப் பார்க்கும் ஸ்கேனும் இதே வகைதான். ஆனாலும் "ஏற்கெனவே இத்தனை ஸ்கேன் எடுத்தாச்சு, இது வேறயா? பிரசவம் முடியட்டும்" என்று கூட வந்தவர்கள் திருப்பி அழைத்துப் போவதுண்டு. என் கவலையெல்லாம் அப்படித் திரும்பிப் போகும் பெண்களைப் பற்றித்தான்.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. நாடித்துடிப்பும் நிமிடத்துக்கு 10, 20 ஏறும். நல்ல இதயம் இதைத் தாங்கிவிடும். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் (மூட்டு வீங்கி, இதய வால்வையும் பாதிக்கும் காய்ச்சல் இது) மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடது பக்க இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள வால்வு, சுருங்கிய இதயம் தாங்காது. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டிய திறப்பு 1.5 ஆகக் குறைந்திருந்தாலும், அதுவரை வீட்டு வேலை, வெளி வேலை எல்லாம் செய்துகொண்டுதான் இருந்திருப்பார். ஐந்து, ஆறு மாதத்தில் ரத்தம் பெருகும்போது அது நுரையீரலில் தேங்கி, திடீரென்று மூச்சு முட்டும். நோய் இருப்பதே அப்போதுதான் தெரியவரும் பெண்கள் நம் நாட்டில் இன்றும் உண்டு.

"சின்ன வயசுல மூட்டு வீங்கி, மூணு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டீங்களாம்மா?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் மாமியாரின் முகத்தைப் பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். கல்யாணப் பேச்சில் மறைத்த விஷயம் எக்கோ அறையில் வெளியே வருமா? அதனால் பெண்ணையும் அவள் அம்மாவையும் மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு கேட்பேன். சம்பந்தி வீட்டுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். பலருக்கு மாத்திரையே போதும். அடங்காவிட்டால், முதல் மூன்று மாதம் கடந்த பிறகு தொடை வழியாக பலூன் செலுத்தி வால்வை விரிக்கலாம். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே செய்கிறோம்.

"மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்பது பாதி உண்மை. மாடி ஏறினால் வாங்கும், சரி. ஆனால் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, ராத்திரி இருமல், மயக்கம், நெஞ்சு வலி, இதெல்லாம் வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கினாலும் அப்படித்தான். கர்ப்பத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும். அதுவும் பெரும்பாலும் இடது காலில். காலுக்கு டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஒலி அலை ஸ்கேன், எடுத்தால் ரத்தக் கட்டி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதிலும் கதிர்வீச்சு இல்லை.

கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டதோ என்ற சந்தேகம் வந்தால்தான் சி.டி. ஆஞ்சியோ, அதாவது ரத்தக் குழாய்களை எக்ஸ்ரே கதிரால் படம் பிடிக்கும் ஸ்கேன். அங்கேதான் எல்லோரும் பயந்து பின்வாங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். சும்மா வீட்டில் இருந்தாலே இயற்கையான கதிர்வீச்சில் கர்ப்ப காலம் முழுவதும் குழந்தைக்கு 0.5 முதல் 1 மில்லிகிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) சேரும். நெஞ்சு எக்ஸ்ரேயில் குழந்தைக்குப் போவது அதிகபட்சம் 0.01. நுரையீரல் சி.டி.யில் 0.01 முதல் 0.66 வரை. குழந்தைக்கு ஊனமோ கருச்சிதைவோ வரும் என்று அஞ்ச வேண்டிய அளவு 50க்கு மேல். தாயின் மார்பகத்துக்குக் கூடுதலாகத்தான் போகும். அதனால் தேவையில்லாமல் எடுக்கச் சொல்ல மாட்டோம். ஆனால் நுரையீரலில் அடைத்த கட்டி தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். சி.டி.யில் ரத்தக் குழாய் தெளிவாகத் தெரியப் போடும் அயோடின் மருந்தும் அவசரத்தில் போடக்கூடியதுதான். பிரசவத்துக்குப் பிறகு போட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்) விரிவடைந்திருப்பவர்களுக்குக் காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், படம் தெளிவாகத் தெரியப் போடும் கடோலினியம் ஊசியைத்தான் கூடியவரை தவிர்ப்போம்.

எக்கோ ரிப்போர்ட்டில் 'வால்வில் லேசான கசிவு', 'இதய அறை சற்றுப் பெரிது' என்று இருந்தால் இணையத்தில் தேடி அழ வேண்டாம். கர்ப்பத்தில் இவை இயல்பாகவே வரலாம். எது இயல்பு, எது இல்லை என்பதை டாக்டர் சொல்லட்டும்.

குழந்தை பிறந்துவிட்டது, இனி பயமில்லை என்று இருக்கவும் முடியாது. கடைசி மாதத்திலோ பிரசவமாகி ஐந்து மாதத்துக்குள்ளோ இதயத் தசை தளர்ந்துபோகும் நோய் ஒன்று உண்டு. கால் வீக்கமும் களைப்பும் 'பிள்ளை பெத்த உடம்பு' என்ற பேச்சில் மறைந்துபோகும். அப்போதும் முதலில் எடுக்க வேண்டியது எக்கோதான். கர்ப்பத்தில் எடுத்த பழைய ரிப்போர்ட் இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். இதயம் இறைக்கும் திறன் அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.