பீட் புகை விஸ்கி: புட்டியில் இருக்கும் எண்ணும் கிண்ணத்தில் எழும் மணமும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் இருக்கிறது ஐலா தீவு. ஆர்ட்பெக், லஃப்ராய்க், லகவூலின் ஆகிய மூன்று வடிசாலைகளும் அதன் தென்கரையில் அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றின் விஸ்கியை முதல் தடவை முகர்பவர்கள் ஆஸ்பத்திரி வாடை, தார், அணைந்த அடுப்பு என்றுதான் சொல்வார்கள். அதோடு கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவது பெரிய இழப்பு. புகை என்று மூக்கு ஒரே சொல்லில் முடித்துவிடுவது உண்மையில் பல சேர்மங்களின் கூட்டம். அவற்றைப் பிரித்து அறிவதில்தான் இந்த விஸ்கியின் சுவை முழுவதும் இருக்கிறது.

புகை சேருவது பார்லியை உலர்த்தும் கட்டத்தில். ஊறவைத்து முளைகட்டிய பார்லியைச் சூடுகாட்டி உலர்த்தினால்தான் முளைப்பு நிற்கும். மரம் குறைவான ஐலாவில் அதற்குக் கிடைத்த எரிபொருள் பீட். ஸ்ஃபேக்னம் பாசி, ஹீதர் செடி, புல் எல்லாம் சதுப்பு நிலத்தில் காற்றுப்படாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அரைகுறையாக மக்கிப் படிந்த கரிமண் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அதை எரிக்கும்போது தாவரத்தின் லிக்னின் சிதைந்து ஃபீனால் வகைச் சேர்மங்களாகப் புகையில் கலக்கிறது.

சூளைக்குள் வரும்போது மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், சுமார் 45 சதவீதம் ஈரம் இருக்கும். புகை ஒட்டுவது அந்த ஈர உமியின் மேல்தான். மேற்பரப்பு காய்ந்துவிட்டால் அதன்பிறகு எவ்வளவு புகைத்தாலும் பெரிதாக ஏறாது. ஆகவே தீயைக் கொழுந்துவிட விடமாட்டார்கள். ஈரமான பீட் தூளைப் போட்டு, சூடு குறைவாகவும் புகை அதிகமாகவும் மணிக்கணக்கில் கனிய வைப்பார்கள். தீ பற்றிக்கொண்டால் ஃபீனால்கள் எரிந்து வீணாகும், மால்ட்டும் சீக்கிரம் காய்ந்துவிடும், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க வேண்டிய நொதிகளும் கெடும். போதிய புகை ஏறியபின் வெறும் சூடான காற்றைச் செலுத்தி ஈரத்தை 4 முதல் 5 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள்.

இந்தக் கட்டத்தில் மால்ட்டை அளந்தால் கிடைப்பதுதான் ரசிகர்கள் ஓயாமல் பேசும் பிபிஎம் எண். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்பது கணக்கு. லகவூலினுக்கு 35 அளவில், லஃப்ராய்க்குக்கு 40 முதல் 45, ஆர்ட்பெக்குக்கு 55 அளவில். பிருக்லாடி வடிசாலையின் ஆக்டோமோர் வரிசையில் 309.1 வரை போன மால்ட்டும் உண்டு. ஆனால் இது மால்ட்டின் அளவு, புட்டிக்குள் இருக்கும் விஸ்கியின் அளவு அல்ல. ஊறலிலிருந்து பிரிக்கும் சக்கையோடும், வடிக்கும் செம்புக் கலமான வாலையில் தங்கிவிடும் கழிவுநீரோடும் ஃபீனாலில் கணிசமான பங்கு போய்விடுகிறது. எண்ணைப் பார்த்து விஸ்கி வாங்குபவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

இதற்குச் சிறந்த சான்று லகவூலினும் ஐலாவின் இன்னொரு வடிசாலையான கல் ஈலாவும். இரண்டுக்கும் போர்ட் எலன் மால்ட் கூடத்திலிருந்து ஏறத்தாழ ஒரே அளவு பீட் ஏறிய மால்ட்தான் போகிறது. ஆனாலும் லகவூலின் கனமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். கல் ஈலா மெல்லிய, சுத்தமான புகையோடு எலுமிச்சையின் பக்கம் சாயும். வித்தியாசம் வாலையில் உண்டாகிறது. கல் ஈலாவில் ஆவி செம்போடு அதிக நேரம் உறவாடி, கனமான சேர்மங்கள் குளிர்ந்து மறுபடி கீழே விழுகின்றன. லகவூலினின் வாலைகளை நிறைய நிரப்பி வடிப்பதால் அவை மேலேறி வந்துவிடுகின்றன.

இன்னொன்று, வடிதலை எந்த இடத்தில் வெட்டுவது என்பது. இரண்டாம் வடிப்பில் முதலில் வரும் தலைப்பகுதியை ஒதுக்கி, நடுப்பகுதியை எடுத்துக்கொண்டு, கடைசியில் வரும் வால்பகுதியை மீண்டும் அடுத்த வடிப்புக்கு அனுப்புவார்கள். பழவாசனை தரும் எஸ்டர்கள் முன்னால் வரும். ஃபீனால்கள் வால்பகுதி நெருங்க நெருங்கக் கூடும். புகை வேண்டுபவர் ஆல்கஹால் 60 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை பிடிப்பார். அதற்கும் கீழே போனால் ஈரத்தோல், வியர்வை வாடை சேர்ந்துவிடும். லஃப்ராய்க் தலைப்பகுதியையே 45 நிமிடம் ஒதுக்குகிறது. இனிப்பான எஸ்டர்களில் ஒரு பங்கு அதோடு போவதால்தான் அதன் மருந்து வாடை அத்தனை அப்பட்டமாகத் தெரிகிறது.

சரி, கிண்ணத்தில் எதை எதைத் தேடுவது? ஃபீனால் வகைச் சேர்மங்களில் குவையகால் விறகுப் புகையும் புகையூட்டிய இறைச்சியும் போல இனிப்போடு மணக்கும். கிரெசால்கள் தார், கார்பாலிக் சோப்பு வாடை. ஃபீனால் என்ற தனிச் சேர்மம் கிருமிநாசினி நெடி. 4-எத்தில்குவையகால் கிராம்பை நினைவூட்டும். லஃப்ராய்க்கில் அயோடின் என்று சொல்லப்படும் நெடியில் பெரும்பங்கு கிரெசால்களின் வேலை.

வாய் குறுகிய, வயிறு அகன்ற கிண்ணம் ஒன்றை எடுத்து 20 முதல் 25 மி.லி. ஊற்றுங்கள். வாசனை சோப்பு போட்டுக் கழுவிய கிண்ணம் வேண்டாம். ஐஸும் வேண்டாம்: குளிரில் ஆவியாகும் மணம் குறையும், நாக்கும் மரத்துப்போகும். பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு மோவாய் உயரத்தில் பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி, சிறு சிறு மூச்சாக முகருங்கள். மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டு இழுத்தால் ஆல்கஹாலின் எரிச்சல் மட்டுமே எஞ்சும். மூன்று நான்கு முகர்வுக்குப்பின் முகத்தைத் திருப்பிவிட்டு வாருங்கள். புகைக்கு மூக்கு விரைவில் பழகிவிடும். பழகியபின்தான் அடியில் இருக்கும் பேரிக்காயும் வெனிலாவும் உப்புக்காற்றும் மேலே வரும். அந்தப் பழக்கத்தைச் சோர்வு என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள்.

முதல் வாய் நாக்கைத் தயார்படுத்த மட்டும். இரண்டாவதை அரை தேக்கரண்டி அளவு எடுத்து, பத்து நொடி வாய்க்குள் சுழற்றி விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். புகையின் நுணுக்கமெல்லாம் அந்த வெளிமூச்சில்தான் தெரியும்.

அடுத்தது தண்ணீர். 2017ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சனும் ஃப்ரீட்மனும் கணினி உருவகத்தில் குவையகால் மூலக்கூறைப் பின்தொடர்ந்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதம்வரை உள்ள கலவையில் அது திரவத்தின் மேற்பரப்பில், காற்றைத் தொடும் இடத்தில் கூடுகிறது. 59 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் மூலக்கூறுகள் சூழ உள்ளே அமிழ்ந்து நிற்கிறது. பீப்பாய் வீரியத்தில், அதாவது நீர் கலந்து குறைக்காமல், வரும் புட்டிகளுக்கு நீர் சேர்ப்பது ஏன் பலன் தருகிறது என்பதற்கு இது நல்ல விளக்கம். 57 சதவீத விஸ்கி 25 மி.லி.யில் 6 மி.லி. நீர் சேர்த்தால் 46 ஆகும். ஒரேயடியாக ஊற்றாமல் ஒரு மி.லி.யாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் முகருங்கள். 40 சதவீதத்தில் புட்டியில் அடைத்ததற்குச் சில துளிகள் போதும். கை தவறினால் விஸ்கி நீர்த்துவிடும், திரும்ப வழியில்லை. குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியில் நீர் பட்டதும் கலங்கல் தெரிந்தால் பயப்படத் தேவையில்லை; கொழுப்பு அமில எஸ்டர்கள் கரையாமல் பிரிவதுதான் அது. அழுக்கோ கலப்படமோ அல்ல.

பல விஸ்கிகளை ஒரே அமர்வில் சுவைத்தால் பீட் உள்ளதைக் கடைசியில் வையுங்கள். அதன்பின் எதைக் குடித்தாலும் புகையே வாயில் நிற்கும்.

வயது கூடினால் புகையும் கூடும் என்ற எண்ணம் தவறு. பீப்பாயில் ஆண்டுகள் போகப் போகப் புகையின் முனை மழுங்கும், மரத்தின் இனிப்பு ஏறும். ஆர்ட்பெக்கின் 5 ஆண்டு வீ பீஸ்டி 10 ஆண்டு புட்டியைவிட முரட்டுத்தனமாக இருப்பது அதனால்தான். புகையைத் தேடுபவர் இளம் விஸ்கியையும், புகையும் மரமும் கலந்த நிதானத்தைத் தேடுபவர் லகவூலின் 16 போன்றதையும் வாங்கலாம்.

புட்டியை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரிக்கும். வெயிலும் படக்கூடாது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டால் மாதக்கணக்கில் காற்றுப்பட்டுப் புகை மங்கும். மிச்சத்தைக் கழுத்துவரை நிரம்பும் சிறிய கண்ணாடிப் புட்டிக்கு மாற்றிவிடுங்கள்.