ஸ்ஃபுமாட்டோ: விளிம்பைப் புகையவிடும் கலை

லியோனார்டோ டா வின்சியின் முகங்களைப் பார்த்து வரைந்து எண்ணெய் வண்ணம் பழகுகிறவர்களை ரொம்பவே படுத்தும் சொல் இது. இத்தாலிய மொழியில் ஃபூமோ என்றால் புகை. லத்தீன் ஃபூமுஸிலிருந்து வந்தது. ஸ்ஃபுமாரே என்ற வினைக்குப் புகையாய்க் கலைதல், மெல்ல மங்கி மறைதல் என்று பொருள். அப்படி மங்கவைத்ததுதான் ஸ்ஃபுமாட்டோ. ஒளியும் நிழலும் கோடோ தடமோ இல்லாமல் புகைபோல ஒன்றில் ஒன்று சேர வேண்டும் என்று லியோனார்டோவே தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

மோனா லிசாவின் வாயோரத்தைப் பாருங்கள். உதடு எங்கே முடிகிறது, கன்னத்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. சிரிக்கிறாளா இல்லையா என்ற ஓயாத வழக்குக்கு அந்த வாயோரமும் கண்ணோரமும்தான் காரணம்.

இதைப் படியெடுக்க உட்காரும் மாணவர் பொதுவாக என்ன செய்வார்? வண்ணம் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த தூரிகையால் விளிம்பைத் தேய்ப்பார். அதற்குப் பெயர் பிளெண்டிங், ஸ்ஃபுமாட்டோ அல்ல. வெள்ளையும் பழுப்பும் குழம்பி, தோல் சாம்பல் பூத்துவிடும். லியோனார்டோவின் வழி வேறு. முதலில் வெளிர் நிறத்தில் முகத்தை முடித்துக் காயவிட வேண்டும். அப்புறம் நிறைய எண்ணெயில் துளி நிறமி கலந்து, அடிநிறம் தெரிகிற மாதிரி ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகு இன்னொன்று. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள லியோனார்டோவின் ஓவியங்களை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவின்படி, மோனா லிசாவின் முகநிழலில் இந்தப் பூச்சுகள் எல்லாம் சேர்ந்தே 30 முதல் 40 மைக்ரோமீட்டர்தான். தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ பாதி! நிழல் கூடக் கூட, பூச்சின் கனமும் கூடுகிறது. பொறுமை இல்லாதவருக்கு இது சரிப்படாது.

லியோனார்டோவின் பட்டறையிலேயே இதைப் பழகிய ஒருவர் வரைந்த மோனா லிசாவின் படி மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னணியில் பிற்காலத்தில் பூசிய கறுப்பை நீக்கிச் சுத்தம் செய்து 2012இல் காட்டினார்கள். மூலத்தில் குரு செய்த திருத்தங்கள் இந்தப் படியில் வண்ணத்துக்கு அடியில் வரைந்த கோடுகளிலும் இருப்பதால், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரையப்பட்டவை என்று அருங்காட்சியகத்தார் கருதுகிறார்கள். புருவம், உதடு எல்லாம் அதில் பளிச்சென்று தெரிகின்றன. என் கண்ணுக்கு அழகான படம்தான். ஆனால் புகை குறைவு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஒளிநிழல்' பொருந்தாது; அது வெளிச்சத்தையும் இருளையும் எதிரெதிராக நிறுத்தும் சியாரோஸ்குரோவுக்கு உரியது. 'புகைமூட்டம்' என்றால் படம் முழுக்க மங்கியதுபோல் ஆகிவிடும். இங்கே மங்குவது விளிம்பு மட்டும். 'மென்சாயல்' இனிமையாக இருக்கிறது, ஆனால் எந்த மெல்லிய நிறத்துக்கும் அதைச் சொல்லலாம். புகையும் வேண்டும், கரைதலும் வேண்டும் என்பதால் 'புகைக்கரைவு' என்பதே என் தேர்வு. கிளேஸ் எனப்படும் அந்த எண்ணெய்ப் பூச்சை 'மெல்லடுக்கு' எனலாம். வினையாக வேண்டுமென்றால் இன்னும் எளிது: "தாடையோரம் இன்னும் கோடாக நிற்கிறது, காயட்டும், நாளைக்கு ஒரு மெல்லடுக்குக் கொடுத்துப் புகையவிடு."