பழைய கார் வாங்கும் முன் சேசிஸ் நம்பரைக் கண்ணால் பாருங்கள்

"ஆர்.சி.யிலேயே (வண்டியின் பதிவுச் சான்று) சேசிஸ் நம்பர் இருக்கிறதே, காருக்குள் போய் எதற்குத் தேடணும்?" என்று என் பக்கத்து வீட்டு அண்ணனும் கேட்டார். முழுப் பணத்தையும் கொடுத்துக் காரை வாங்கி, பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனபோதுதான் தெரிந்தது, வண்டியில் 8 என்று இருப்பது ஆர்.சி.யில் 'பி' என்று ஏறியிருக்கிறது. என்றைக்கோ யாரோ தப்பாகத் தட்டியது. அலைந்தது இவர். "ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் வந்து திருத்தம் கேட்கட்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். விற்றவரோ அதற்குள் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். சேசிஸ் நம்பர் என்பது ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக அதன் இரும்பு உடலில் அடித்திருக்கும் அடையாள நம்பர். இன்றைய கார்களில் இது 17 இலக்கம், எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். முன் கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டு ஓரம், டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தகடு, பானெட்டுக்குள் பின்சுவர், முன் சீட்டுக்கு அடியில் கார்பெட்டைத் தூக்கினால் தெரியும் இரும்புத் தரை, இப்படி மாடலுக்கு மாடல் இடம் மாறும். காரோடு வந்த கையேட்டில் சரியான இடம் போட்டிருக்கும். ஸ்டிக்கரையும் தகட்டையும் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், அவற்றைக் கழற்றி வேறு ஒட்டிவிடலாம். இரும்பில் அடித்திருப்பதைத்தான் நம்ப வேண்டும். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தாலோ, உரசிய தடம் தெரிந்தாலோ, எழுத்துகள் ஏறியிறங்கி நின்றாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம், வந்துவிடுங்கள்.

17 இலக்க நம்பரில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. ஆர்.சி.யில் ஓ இருந்தால் அது பூஜ்யம், ஐ இருந்தால் ஒன்று, அங்கேயே தப்பு பிடிபட்டுவிடும். ஆர்.சி., இன்சூரன்ஸ் பாலிசி, இரும்பு மூன்றையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பாலிசியில் மாறியிருந்தால் விபத்து நடந்து கிளெய்ம் கேட்கும்போதுதான் பிரச்சினை கிளம்பும்.

வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் பார்த்தால் போதாதா என்றால், போதாது. அங்கே சேசிஸ் நம்பரின் ஒரு பகுதியை மறைத்துத்தான் காட்டுவார்கள். ஆனால் பரிவாகன் தளத்தில் பல சேவைகளுக்குக் கடைசி 5 இலக்கத்தை நீங்கள்தான் போட வேண்டும், ஒன்று மாறினாலும் உள்ளே விடாது.

தப்பு இருப்பது தெரிந்தால், விற்பவர் தன் பெயரில் வண்டி இருக்கும்போதே ஆர்.சி.யைத் திருத்தித் தரட்டும், அதற்குப் பிறகு பணம் கொடுங்கள். "வாங்கிக்கொள்ளுங்கள் சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று புரோக்கர் சொல்வார், கேட்காதீர்கள்.

துருப்பிடித்து நம்பர் மங்கியிருந்தால் மெக்கானிக்கை வைத்துத் திரும்ப அடிக்கவே கூடாது. திருட்டு வண்டி என்ற சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். முதலில் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கவுன்ட்டரில் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். இரும்பில் உள்ள நம்பரின் போட்டோ, பென்சில் பிரின்ட் (நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பது), முதலில் வாங்கியபோது போட்ட இன்வாய்ஸின் நகல் கிடைத்தால் அதுவும் சேர்த்து மனுவாகக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மேலதிகாரியிடம் போக முடியும்.